பேஸ்பாலில் வயதான கேட்சரை அணிகள் ஏன் விட்டுவிடுவதில்லை?

மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவர்தான் கேட்சர். முழங்கால்களைத் தேய்க்கும் வேலை இது. ஆனாலும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக யாதியர் மொலினா 2004 முதல் 2022 வரை 19 பருவங்கள் இதைச் செய்தார். நாற்பது வயதில்தான் ஓய்வு பெற்றார்.

காரணம் அவருடைய தலைக்குள் இருந்தது. களத்தில் மற்ற எட்டுப் பேரும் மட்டையாளரை நோக்கி நிற்க, கேட்சர் மட்டுமே எதிர்த்திசையில் திரும்பி முழு ஆட்டத்தையும் பார்க்கிறார். அடுத்து எந்த வகைப் பந்து, எந்த இடத்துக்கு என்று பெரும்பாலும் அவரே பிட்சருக்குத் தெரிவிக்கிறார். எந்த மட்டையாளர் எதில் தடுமாறுவார், தன் பிட்சர் எப்போது பதற்றப்படுவார் என்பதெல்லாம் பல ஆண்டுகள் பழகினால்தான் பிடிபடும். பஸ்ஸை ஓட்டுவது ஓட்டுநர்தான். நிற்பதும் கிளம்புவதும் நடத்துநரின் விசிலில் இருக்கிறது அல்லவா, அதுபோல.

மொலினாவும் பிட்சர் ஆடம் வெயின்ரைட்டும் 328 ஆட்டங்களை ஜோடியாகத் தொடங்கினார்கள். வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டித் தொடரான மேஜர் லீக்கில் வேறெந்த ஜோடியும் அத்தனை ஆட்டங்களைத் தொடங்கியதில்லை. மொலினா வென்ற 9 தங்கக் கையுறை விருதுகளும் தடுப்பாட்டத்துக்கானவை. என்னைக் கேட்டால், அவர் அடித்த ரன்களைவிட இவையே அவர் யார் என்பதைச் சொல்கின்றன.

கேட்சரை வெறும் விக்கெட் கீப்பர் என்று பலர் நினைக்கிறார்கள். கிரிக்கெட்டில் அடுத்த பந்தைப் பந்துவீச்சாளர் தீர்மானிக்கிறார், இங்கே அந்த யோசனை பெரும்பாலும் கேட்சரிடமிருந்து வருகிறது.