நுண்துளை வினையூக்கிக்குள் கலப்புலோக நானோ துகள்களை எப்படி வைக்கிறார்கள்?

வினையூக்கி என்பது தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள். வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில் மட்டும். அதனால்தான் நானோ துகள்கள், அவை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் துளைகள். நிக்கலோடு செம்பு சேர்ந்த கலப்புலோகமானால் கரி படிவதும் குறையும்.

பெங்களூரு தர்ஷினி சிற்றுண்டிக் கடையில் இட்லிமேல் சாம்பார் ஊற்றுவதுபோலத்தான்: உறிஞ்சும் அளவோடு நிறுத்த வேண்டும், தட்டில் தேங்கக் கூடாது. துகள்களைத் தாங்கும் நுண்துளைத் தூளான சிலிக்காவின் துளைக் கொள்ளளவு கிராமுக்கு 0.8 மி.லி. என்றால், 10 கிராமுக்கு நிக்கல், செம்பு இரண்டின் நைட்ரேட் உப்புகளும் கரைந்த கரைசல் 8 மி.லி. தான். சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறுங்கள். சேறானால் அளவு மிஞ்சிவிட்டது. 110 டிகிரி செல்சியஸில் நிதானமாக உலர்த்தி, 400-ல் சுட்டு, காற்றை நைட்ரஜனால் வெளியேற்றிய பிறகே 450-ல் ஹைட்ரஜன் செலுத்தி உலோகமாக்க வேண்டும். அவசரமாக உலர்த்தினால் உப்பு நீரோடு துளை வாய்க்கு வந்து திட்டாகப் படியும்.

இரண்டு உலோகமும் ஒரே தூளில் இருந்தாலே கலப்புலோகம் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்-கதிர் சோதனை வரைபடத்தில் நிக்கலின் முகடு செம்பின் முகட்டுப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும்.