கண்டெய்னர் இரண்டு, நினைவகம் ஒன்று

வணக்கம் சார். எங்கள் டிபிடிகே (DPDK, பாக்கெட்டுகளை வேகமாகக் கையாளும் லைப்ரரி) அப்ளிகேஷனில் நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட் வாங்கும் பிரைமரி பிராசஸ் ஒரு கண்டெய்னரிலும், அதை அலசும் செகண்டரி இன்னொன்றிலும் இருக்கின்றன. கண்டெய்னர் இல்லாமல் ஓட்டினால் ஓடுகிறது. டாக்கரில் ஐபிசியை (IPC, பிராசஸ்கள் தகவல் பகிரும் வழி) இரண்டுக்கும் பொதுவாக்கியும் செகண்டரி கிளம்ப மறுக்கிறது. எதை விட்டுவிட்டேன்?

அன்புள்ள நண்பருக்கு,

ஐபிசியைப் பொதுவாக்கினால் கிடைப்பது டெவ்-எஸ்எச்எம் (/dev/shm) போன்ற வழக்கமான ஷேர்டு மெமரிதான். டிபிடிகே அந்தப் பக்கம் போவதில்லை. அதன் நினைவகம் ஹியூஜ்பேஜ் (வழக்கத்தைவிடப் பெரிய நினைவகப் பக்கம்) ஃபைல்களில் இருக்கிறது. எது எந்த முகவரியில் என்ற குறிப்பும், பிராசஸ்கள் பேசிக்கொள்ளும் சாக்கெட்டும் வார்-ரன்னுக்குள் (/var/run) அதன் சொந்த டைரக்டரியில் இருக்கின்றன. இரண்டு இடங்களையும் இரு கண்டெய்னரிலும் ஒரே பாதையில் மவுண்ட் செய்யுங்கள். ஃபைல்-பிரிஃபிக்ஸும் (அந்த ஃபைல்களுக்கான பெயர் முன்னொட்டு) ஒன்றாக இருக்கட்டும். பிரைமரிக்கு இன்-மெமரி ஆப்ஷன் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது செகண்டரி திறப்பதற்கு ஒரு ஃபைலையும் விட்டுவைக்காது.

சரி, மவுண்ட் முடிந்தது. அப்புறம்தான் கஷ்டமான இடம். பிரைமரி, செகண்டரி எடுத்துக்கொள்வதற்காக ரிங்கில் (இருவருக்கும் பொதுவான வரிசை) போடுவது பாக்கெட்டை அல்ல, பாக்கெட்டின் முகவரியை. 10 ஜிகாபிட் லைன் 64 பைட் பாக்கெட்டுகளால் நிரம்பி வந்தால் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது சுமார் 67 நானோசெகண்டு. அதற்குள் நகலெடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அதே முகவரி செகண்டரியிலும் அதே பாக்கெட்டைக் காட்ட வேண்டுமே. அதற்கு, இரு பிராசஸிலும் நினைவகம் ஒரே விர்ச்சுவல் முகவரியில் உட்கார வேண்டும். செகண்டரியில் ஏதோ ஒரு லைப்ரரி அங்கே முன்பே இடம் பிடித்திருந்தால் கதை முடிந்தது. ஏஎஸ்எல்ஆர் (ASLR, ஒவ்வொரு முறையும் நினைவக முகவரிகளை மாற்றியமைக்கும் பாதுகாப்பு) இருப்பதால் ஒருமுறை கிளம்பும், மறுமுறை கிளம்பாது.

ஏஎஸ்எல்ஆரை அணைத்துவிடச் சொல்வார்கள். வெளியுலகப் பாக்கெட்டைத் தொடும் மெஷினில் அந்தப் பாதுகாப்பைக் கழற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. செகண்டரியின் பதிவில் (log) கேட்ட முகவரியும் கிடைத்த முகவரியும் அடுத்தடுத்து அச்சாகியிருந்தால் காரணம் இதுதான். பிரைமரிக்கு பேஸ்-விர்ட்அட்ர் (base-virtaddr, தொடக்க முகவரியைச் சொல்லும் ஆப்ஷன்) கொடுத்து, நினைவகத்தை இரண்டிலும் காலியாக இருக்கும் பகுதிக்கு நகர்த்துங்கள்.

இரண்டு இமேஜையும் தனித்தனியாக பில்டு செய்கிறீர்களா? டிபிடிகே பதிப்பு இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அப்டேட் செய்யும் சுதந்திரம் இங்கே கிடையாது. குபர்நெட்டிஸுக்குப் போனால் இரண்டையும் ஒரே பாடில் (pod, சேர்ந்து ஓடும் கண்டெய்னர்களின் தொகுப்பு) வையுங்கள். ஹியூஜ்பேஜ் எம்ப்டிடிர் (emptyDir, பாடுக்குள் பகிரும் தற்காலிக டைரக்டரி) அங்கே பொதுவாகக் கிடைக்கும்.

ஒன்று கவலையாக இருக்கிறது. செகண்டரி அந்த நினைவகம் முழுவதிலும் எழுத முடியும். அது ஒரு தப்பான இடத்தில் எழுதினால் பிரைமரியும் சேர்ந்து விழும். பூட்டை (lock) பிடித்தபடி செத்தால் அந்தப் பூட்டு அப்படியே நிற்கும். அலசும் நிரலை வேறொரு டீம் எழுதுகிறது என்றால் மெம்இஃப் (memif, நினைவகம் வழியாகப் பாக்கெட் பகிரும் இடைமுகம்) பக்கம் போங்கள். விபிபி (VPP) என்ற பாக்கெட் செயலாக்க மென்பொருளோடு வந்தது அது. யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஒரு குறிப்பிட்ட நினைவகப் பகுதியை மட்டும் கைமாற்றும். அதில் பாக்கெட்டைக் குறிப்பது ஆஃப்செட் (அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) என்பதால் முகவரிச் சண்டையே வராது, பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாக ஒரு நகல் செலவாகும். உங்கள் பாக்கெட் அளவில் அது எவ்வளவு என்று அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.