வாங்கிய பிறகும் துரத்தும் கிரைண்டர்

கேள்வி: போன மாதம் ஒரு ஆன்லைன் கடையில் டேபிள் டாப் கிரைண்டர் பார்த்தேன். அங்கே வாங்கவில்லை, கடைவீதிக்குப் போய் வாங்கிவிட்டேன். ஆனால் செய்தி படிக்கப் போனாலும் பஞ்சாங்கம் பார்க்கப் போனாலும் அதே சிவப்புக் கிரைண்டர் வந்து நிற்கிறது. அந்தத் தளங்களுக்கு எப்படித் தெரியும்? போன் ஒட்டுக்கேட்கிறதா? - ஈரோட்டு வாசகி

பதில்: ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்களே டோக்கன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். துணிக்கடை வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு எண் வில்லை தருவார்களே, அதுபோல. ஆன்லைன் கடைப் பக்கத்தில் விளம்பர நிறுவனத்தின் நிரல் ஒன்று இருக்கும். நீங்கள் கிரைண்டரைப் பார்த்ததும் அது உங்கள் பிரவுசரில் 'குக்கி' என்ற ஒரு எண்ணைப் போட்டுவிடும். பெயர் தெரியாது, இந்த எண்காரர் கிரைண்டர் பார்த்தார் என்பது மட்டும் தெரியும்.

பஞ்சாங்கத் தளம் உங்களுக்காக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. அது காலி இடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் பக்கத்தைத் திறந்த கணத்தில் அந்த இடம் ஏலத்துக்குப் போகிறது. உங்கள் எண்ணை அடையாளம் கண்டதும், நீங்கள் கிரைண்டர் பார்த்த அந்த ஆன்லைன் கடை அதிகத் தொகை கேட்டு இடத்தைப் பிடிக்கிறது. எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

ஏன் இத்தனை பிடிவாதம்? 1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்டு' என்ற அமெரிக்க இணைய இதழில் வந்த ஏடி அண்டு டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் பேனர் விளம்பரத்தை, பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் கிளிக் செய்தார்களாம். அது புதுமை மோகம். இன்று ஆயிரம் முறை காட்டினால் ஒன்றிரண்டு கிளிக் விழுவதே வழக்கம். யாரோ ஒருவருக்குக் காட்டுவதைவிட, ஏற்கெனவே ஆசைப்பட்டவரைத் துரத்துவது லாபம். நீங்கள் கடைவீதியில் ரொக்கம் கொடுத்து வாங்கியதோ அந்த விளம்பரத்துக்குத் தெரியாது. பாவம், இன்னும் நம்பிக்கையோடு அலைகிறது!

நிறுத்த வேண்டுமா? விளம்பரத்தின் மூலையில் உள்ள சின்னப் பெருக்கல் குறியைத் தட்டி, இது வேண்டாம் என்று சொல்லுங்கள். கூகுள் கணக்கின் விளம்பர அமைப்பில் உங்களுக்கேற்ற விளம்பரம் காட்டுவதை அணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் விளம்பர ஐடியை (விளம்பரத்துக்காக உங்கள் போனுக்குத் தந்திருக்கும் எண்) அழிக்கலாம் (போனுக்குப் போன் இடம் மாறும், கொஞ்சம் தேட வேண்டும்). குக்கிகளை அழித்தாலும் சரி, ஆனால் தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். இதனால் விளம்பரமே வராது என்று நினைக்க வேண்டாம். கிரைண்டர் போய் மெத்தை வரும்.

கேள்வி: பழைய வினாத்தாள் இறக்கப் போனால் மூன்று பச்சை 'டவுன்லோட்' பட்டன்கள். ஒன்றைத் தட்டினால் ஏதோ ஆப்பை நிறுவச் சொல்கிறது. எது அசல்? - கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் பளிச்சென்று இருப்பவை விளம்பரம்தான். கணினியில் பட்டன் மேல் மவுஸை வைத்தால் கீழே முகவரி தெரியும். போனில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். வேறு தளத்தின் பெயர் வந்தால் தொடாதீர்கள். விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாதபடி வேஷம் போட்டுக் காட்டுவது, மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடுக்கப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. பணம் போயிருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். ஆப்பை ஏற்கெனவே நிறுவியிருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள்.