காற்றை அமுக்கிப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் மகள் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம், எம்.பி.ஏ. வேண்டாம், வாயுக் கலவைகளை உயர் அழுத்தத்தில் ஆராயப் போகிறேன் என்கிறாள், "காற்றை அமுக்கிப் பார்த்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள்" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவளை எது இழுக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ஹீலியம் எதோடும் சேராத வாயு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். 1992-இல் அதை நைட்ரஜனோடு கலந்து, சாதாரண அறை வெப்பநிலையில் சுமார் 77,000 வளிமண்டல அழுத்தம் கொடுத்தார்கள். ஒரு ஹீலியத்துக்குப் பதினோரு நைட்ரஜன் மூலக்கூறு என்று கணக்குப் பிசகாமல் திடப் படிகமாகிவிட்டது. ஹீலியத்துக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே வேதிப் பிணைப்பு ஏதும் இல்லை. காலை எட்டரை மணி தாம்பரம் மின்சார ரயில் மாதிரி, இருக்கிற இடத்தில் எப்படி நின்றால் எல்லோரும் அடங்கலாம் என்பதுதான் விஷயம். இதற்கான கருவியும் உள்ளங்கை அளவுதான். இரண்டு வைரங்களின் முனைகள், நடுவே ஓட்டை போட்ட உலோகத் தகடு, தலைமுடி பருமனை ஒட்டிய அந்த ஓட்டைக்குள் வாயுவும் ஒரு மாணிக்கத் துணுக்கும். லேசர் பட்டால் மாணிக்கம் சிவப்பாக ஒளிரும், அந்த நிறம் எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். யுரேனஸ், நெப்டியூன் உள்ளே தண்ணீர், அம்மோனியா, மீத்தேன் எப்படிக் கலந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளவும் இந்தச் சோதனைகள் ஒரு வழி.

சரி, வேலை. தூரமாகப் போக வேண்டாம், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்தத் துறை இருக்கிறது. அணுசக்தித் துறை எம்.எஸ்சி. முடித்தவர்களைப் பயிற்சிப் பள்ளி வழியாக அறிவியல் அதிகாரியாக எடுக்கிறது, அது கௌரவமான அரசு வேலை. கடலடியில் அழுத்தத்தாலும் குளிராலும் தண்ணீர்க் கூண்டுக்குள் மீத்தேன் சிறைப்பட்டுக் கிடக்கும் வாயு ஹைட்ரேட் இதற்குப் பக்கத்து வீட்டுத் துறை. கிருஷ்ணா-கோதாவரி படுகையில் அது இருப்பதை 2006 ஆய்வுப் பயணம் காட்டியது, நம் பள்ளிக்கரணை தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அதில் வேலை செய்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வடிவமைப்பு செய்யும் கம்பெனிகளிலும் அழுத்தத்தில் கலவைகள் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கு தினசரி வேலைதான், ஆனால் அங்கே முதலில் கெமிக்கல் என்ஜினியரைத்தான் கூப்பிடுவார்கள். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

என் கருத்து: எம்.எஸ்சி.க்கு விடுங்கள், தயங்காமல். பி.எச்டி. மட்டும் உதவித்தொகை இல்லாமல் சேரக் கூடாது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி; கிடைக்காவிட்டால் அந்த நேரத்தில் யோசிக்கலாம். கூடவே பைத்தான் நிரலாக்கம் கற்றுக்கொள்ளட்டும், ஏனென்றால் இத்துறையில் பாதி வேலை கணினிக் கணக்கு, அதுவே தரவு சார்ந்த வேலைகளுக்கும் உதவும். அப்புறம், ஒரு கோடை ப்ராஜெக்ட்டாவது ஆய்வகத்தில் செய்யச் சொல்லுங்கள். நாள் முழுக்க நுண்ணோக்கியில் அந்த ஓட்டையை நடுவில் கொண்டுவரப் பார்த்து, சாயங்காலம் வாயு கசிந்துபோனால் மறுநாளும் அவளுக்குப் போகப் பிடிக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். எம்.எஸ்சி. சேர எழுதும் ஐ.ஐ.டி. ஜாம் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் சில மாதம் முன்னாலேயே முடிந்துவிடும். பழைய கேள்வித்தாள்களை இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள், வெப்ப இயக்கவியலில் இருந்து ஆரம்பிக்கட்டும்.