முருங்கையில் கல்தூசி: பூவைப் போலவே கிணற்றையும் பாருங்கள்

கேள்வி: கரூர் மாவட்டம் க.பரமத்தி அருகே மூன்று ஏக்கரில் பி.கே.எம்-1 செடிமுருங்கை வைத்திருக்கிறேன். மேற்கே கல்குவாரியும் கிரஷரும் ஓடுகின்றன. இலைகளில் தூசி படிகிறது, பூ கொட்டுகிறது. கடையில் கொடுத்த டானிக்கை அடித்தும் பலனில்லை. கிணற்றிலும் முன்போல் தண்ணீர் ஊறவில்லை. பூ நிற்க என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: தூசிக்கு மருந்து கிடையாது. பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூலகமுடியில் தூசி படிந்துவிட்டால் மகரந்தம் ஒட்டுவதில்லை. தூசி மூடிய இலையில் எந்த டானிக்கும் சரியாக இறங்குவதில்லை. இதை அறிந்தும் பாட்டிலை விற்கும் கடைக்காரர் செய்வது சரியல்ல. அடுத்து அவர் சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை நீட்டினால் வாங்காதீர்கள். அது தேனீயையும், இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் கொன்றுவிடும். தூசி படிந்த செடியில் செஞ்சிலந்தி ஏற்கெனவே பெருகும். வெறும் தண்ணீரைப் பிற்பகலில், இருட்டுமுன் இலை உலரும்படி பீய்ச்சிக் கழுவுங்கள். தேனீ வரும் காலை நேரத்தைத் தவிருங்கள். மேற்கு எல்லையில் வேம்பும் புங்கனும் இரண்டு வரிசை வையுங்கள். கோடையில் இலை உதிர்க்கும் கிளுவை வேலி மட்டும் தூசியைத் தடுக்காது.

ஆனால், கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் நீங்கள் சொன்ன கிணறுதான் எனக்குப் பெரிய கவலை. நம் பகுதி கடினப்பாறை நிலம். தண்ணீர் மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தங்கும். குவாரி உங்கள் கிணற்று நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கி, குழியில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால், அந்த வெடிப்புகளின் வழியே உங்கள் ஊற்று அங்கே வடிந்துவிடும். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் சொல்லும் 300 மீட்டர் இடைவெளி குடியிருப்புக்கானது. தோட்டத்துக் கிணற்றுக்கு அது அரணாகாது.

ஆகவே இன்றே ஒரு நோட்டைத் தொடங்குங்கள். மாதம் இருமுறை, மோட்டார் போடுமுன் விடியற்காலையில், கிணற்று விளிம்பில் ஒரே குறியிலிருந்து கல் கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். மழையளவையும், தண்ணீர் தீர்ந்து மோட்டார் எத்தனை மணி நேரத்தில் காற்று வாங்குகிறது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். குவாரியிலிருந்து வெகுதூரத்தில், அதே வகை மண்ணும் பாறையும் உள்ள ஓர் உறவினர் கிணற்றையும் அதே நாளில் அளக்கச் சொல்லுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தூரத்துக் கிணறு மழைக்கு ஏற, உங்கள் கிணறு ஏறாவிட்டால், "வறட்சி" என்று அதிகாரிகள் மனுவை எளிதில் தள்ளிவிட முடியாது. வெடி வைத்த நாள், குழி நீரை எந்த ஓடையில் விடுகிறார்கள் என்பவற்றையும் படத்துடன் சேருங்கள்.

தூசிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், குழியின் ஆழத்துக்குப் புவியியல் மற்றும் சுரங்கத் துறையிடமும் மனுக் கொடுங்கள். நோட்டின் நகலை ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இணைத்துக் கொடுங்கள். கிரஷரில் நீர் தெளிப்பானும் மூடிய கன்வேயரும் உள்ளனவா என்று ஆய்வு செய்யவும் கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு போடச் சொல்லி முகவர்கள் வருவார்கள். குறைந்தது ஒரு மழைக்காலத்தின் அளவுகள் கையில் சேரும்வரை அவர்களுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.