டிரிப்ஸில் வந்த ஆன்டிபாடி

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. பிளேட்லெட் 8,000-க்கு இறங்கி, ஐடிபி (உடலின் எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும் நோய்) என்று சொல்லி ஐவிஐஜி டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் தொடர்கிறது. மூன்று வாரம் கழித்து வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மதியம் சாப்பிட்ட பிறகு 260. டைப் 1 சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் ஜிஏடி ஆன்டிபாடி பாசிட்டிவ், எல்லையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ‘டைப் 1, ஆயுளுக்கும் இன்சுலின்’ என்கிறார்கள். அப்படித்தானா டாக்டர்?
– வாசகர், காரைக்குடி

பதில்: அதற்குள் முடிவு கட்டியது அவசரம் என்றே நினைக்கிறேன். ஐவிஐஜி என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்துப் பிரித்தெடுத்த ஆன்டிபாடி. அத்தனை பேரில் சிலரிடம் ஜிஏடி ஆன்டிபாடி இருக்கத்தான் செய்யும். சர்க்கரை நோயே இல்லாதவர்களிலும் நூற்றில் ஓரிருவருக்கு அது உண்டு. பாட்டிலோடு அதுவும் உங்கள் மனைவியின் ரத்தத்துக்குள் வந்திருக்கலாம். லேப் இயந்திரத்துக்கு எது சொந்தம், எது இரவல் என்று தெரியாது.

அப்படியானால் 260 எப்படி? காலையில் சுமாராக இருந்து மதியத்துக்கு மேல் எகிறுவது ஸ்டீராய்டின் வழக்கமான குணம். அதற்காக மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று விடுவது ஆபத்து.

ஐவிஐஜி ஏற்றுவதற்கு முன் எடுத்த ரத்தம் லேபில் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதில் ஜிஏடி பார்ப்பதே சிறந்த சாட்சி. நம் ஊரில் பெரும்பாலும் கொட்டியிருப்பார்கள், அது வேறு விஷயம். இல்லையென்றால் சி-பெப்டைட் பாருங்கள், கூடவே அந்த நேரத்துச் சர்க்கரையும். சி-பெப்டைட் என்பது கணையம் இன்சுலின் சுரப்பதைக் காட்டும் அளவு, ஆன்டிபாடி அல்ல. அதனால் ஐவிஐஜி அதைக் குழப்பாது. ஏற்றிய ஆன்டிபாடி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நான்கைந்து மாதம் கழித்து, இடையில் மறுபடி ஏற்றாமல் இருந்தால், ஜிஏடியைத் திரும்பப் பாருங்கள். மறைந்திருந்தால் இரவல்தான். அப்படியே நின்றாலோ கூடினாலோ டைப் 1 பற்றி யோசிக்க வேண்டும்.

இதற்கிடையில் வாந்தி, எடை இறக்கம், சிறுநீரில் கீட்டோன் என்று ஏதாவது வந்தால் எதற்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், இந்த மாதங்களில் எந்த ரத்தப் பரிசோதனைக்குப் போனாலும் ஐவிஐஜி ஏற்றிய தேதியை லேப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி கிருமி தொற்றியதா என்று பார்க்கும் கோர் ஆன்டிபாடிகூட இதே வழியில் பாசிட்டிவ் காட்டலாம்.