கல்சட்டியும் கத்துகிற அடுப்பும்

அன்புள்ள அக்கா,

வேலை கிடைத்து ஓசூர் வந்து ஐந்து மாதமாகிறது. தனி அறை. மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நாமே சமைக்கலாம் என்று இறங்கினேன். வீடியோக்களைப் பார்த்து வார்ப்பிரும்பு தோசைக்கல், கல்சட்டி, மண்சட்டி என்று ஐயாயிரம் ரூபாய்க்குமேல் செலவழித்துவிட்டேன். தோசை நடுவில் கருகுகிறது, ஓரம் மாவாகவே நிற்கிறது. கல்சட்டியை வைத்தால் இண்டக்‌ஷன் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. அடுப்பில் கோளாறா, எனக்குத்தான் கைப்பக்குவம் இல்லையா? பெரிய விருந்தெல்லாம் வேண்டாம். ராத்திரி எட்டரைக்கு அறைக்கு வந்தால், அம்மா வைக்கிற அரிசிப்பருப்பு சாதம் மாதிரி சூடாக ஒரு தட்டு போதும். எந்தப் பாத்திரம் வாங்கினால் அது வரும்?

ச.கு., ஓசூர்

அன்புள்ள தம்பி,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். அடுப்பும் நன்றாக இருக்கிறது, உங்கள் கையும் நன்றாகத்தான் இருக்கும். அந்த அடுப்புக்கும் நீங்கள் வாங்கிய சட்டிகளுக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை.

இண்டக்‌ஷன் அடுப்பில் நெருப்பு கிடையாது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செம்புச் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்கும்; மேலே இரும்புப் பாத்திரம் இருந்தால் அதன் அடிப்பாகமே சூடாகும். கல்லும் மண்ணும் அதற்குக் கண்ணிலேயே படாது. "மேலே ஒன்றும் வைக்கவில்லையே" என்றுதான் உங்கள் அடுப்பு கத்துகிறது. சாதாரண அலுமினியம், இண்டாலியம், பித்தளை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடியில் கெட்டியாக ஒட்டினால் வாங்கலாம்.

தோசைக்கல் இரும்புதான், காந்தமும் ஒட்டும். அங்கே சிக்கல் வேறு. வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் பரப்பாது. அடுப்பின் சுருள் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது, கல்லோ அதைவிட அகலம். முழு வேகத்தில் வைத்தால் நடு காய்ந்துவிடும், ஓரம் பச்சைத் தண்ணீராக இருக்கும். 500 வாட் அளவில் ஏழெட்டு நிமிடம் காயவிடுங்கள், இடையில் கல்லைத் தூக்கித் திருப்பி வையுங்கள். இழுக்காதீர்கள், கண்ணாடி கீறிவிடும். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடி மறைய வேண்டும். புதுக் கல்லாக இருந்தால் முதல் ஒரு வாரம் தோசையே வேண்டாம். நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகைய விட்டுத் துடைப்பது, மறுபடி தடவுவது என்று நான்கைந்து தடவை செய்துவிட்டு, அதில் தினமும் வெங்காயம் வதக்குங்கள். எண்ணெய் சூட்டில் இறுகிக் கறுப்புத் தோலாகப் படியும். மாவு ஒட்டாமல் வருவது அந்தத் தோலால்தான். அப்புறமும் உள்ளங்கை அகல ஊத்தப்பத்தோடு நின்றுகொள்ளுங்கள். ஓட்டல் ரோஸ்ட் இந்த அடுப்பில் வராது.

சரி, அரிசிப்பருப்புக்கு வருவோம். அதைக் கேட்கத்தானே கடிதம் எழுதினீர்கள்! அதற்குக் கல்லும் வேண்டாம் மண்ணும் வேண்டாம். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று போதும். எவர்சில்வர் மட்டும் தனியாகச் சூட்டைக் கடத்துவதில் மந்தம், அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்குமேல் வேகம். அதனால் எவர்சில்வர் குக்கராக இருந்தால் அடியில் நடுவே அலுமினியம் வைத்த தடித்த தட்டு இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். தட்டினால் 'டங்' என்று கோயில் மணி மாதிரி கேட்டால் மெல்லிசு, அடிப்பிடிக்கும். 'டக்' என்று அடங்கினால் நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 2347 என்ற எண்ணும் இருக்க வேண்டும். கைப்பிடி திருகாணி ஆடுகிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே ஆட்டிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஓசூர் மேட்டு ஊர் வேறு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். குக்கருக்குள் 120 டிகிரி நெருங்கிவிடும் என்பதால் அந்த வம்பு இல்லை.

ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஊறவைத்துவிட்டு முகம் கழுவி வாருங்கள். குக்கரில் எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், பத்து மிளகு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை. பிறகு சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, பூண்டு ஏழெட்டுப் பல், ஒரு தக்காளி. வெங்காயத்தை நறுக்கச் சோம்பலாக இருந்தால் முழுசாகப் போடுங்கள், வாயில் அகப்படும்போது அதுவே தனி ருசி. மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். கொதி வந்ததும் அரிசி பருப்பு.

இனிமேல்தான் இண்டக்‌ஷன்காரர்கள் ஏமாறுகிற இடம். முழு வாட்டில் வைத்தால் நான்கு நிமிடத்தில் நான்கு விசில் வந்துவிடும், பருப்பு கல்லாகவே கிடக்கும். விசிலை எண்ணுவது பழைய கேஸ் அடுப்புப் பழக்கம். முதல் விசில் வந்தவுடன் 500க்கு இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அணைத்தபின் ஆவி தானாக அடங்கட்டும். கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிட்டால் சாதம் விதை விதையாக நிற்கும். மேலே நெய், பக்கத்தில் தயிர், அப்பளம்.

தப்பான பாத்திரம் வாங்கிவிட்டோமே என்று நொந்துகொள்ளாதீர்கள். அம்மா கொடுத்த ஈயச்சொம்பை நான் ஒரு போன் பேச்சில் தொலைத்தேன். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கிறவரை சூடு 100ஐத் தாண்டாது, சொம்புக்கு ஆபத்தில்லை. ரசம் வற்றியது எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது பர்னரைச் சுற்றி வெள்ளிக் குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

உங்கள் கல்சட்டியை விற்றுவிடாதீர்கள். அதைப் பழக்க வேண்டும்: விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவிக் காயவைத்து, ஒரு வாரம் தினமும் சுடு கஞ்சித்தண்ணீர் ஊற்றி மாற்றி, பிறகு கேஸில் சிறு தீயில் ஆரம்பிக்க வேண்டும். அதில் வைத்த வத்தக்குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிடம் தளபுளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கொடுங்கள். பஸ்ஸில் மேல்தட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாக்கல், ஒரு குலுக்கலுக்குத் தாங்காது.